கார் இல்லை, பட்ஜெட் 5,000 ரூபாய்... ரெண்டு பேர் மதுரைக்கு வீக்எண்ட் போய் வர முடியுமா?

வியாழக்கிழமை மதியம் ஒரு மெசேஜ் வரும்: "இந்த வாரமாவது எங்கேயாவது போலாமா?" உடனே "போலாமே!" என்று பதில் போகும். அடுத்த அரை மணி நேரத்தில் ரிசார்ட் ரேட், செல்ஃப் டிரைவ் கார் வாடகை, பெட்ரோல், டோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடும். அடுத்த மாதம் வாடகை, இ.எம்.ஐ., ஊரில் ஒரு கல்யாணம். மறுபடியும் அதே பேச்சு.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் கிடைப்பதே அபூர்வம். அந்த இரண்டு நாளும் துணி துவைப்பதிலும் ஓ.டி.டி.யிலும் கரைந்து போவதற்குப் பல நேரங்களில் பணம் மட்டும் காரணமில்லை. "கார் இல்லாம எப்படிப் போறது?" என்ற தயக்கமும்தான்.

அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு ஜோடி. வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் காலை ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். கையில் இரண்டு பேருக்கும் சேர்த்து 5,000 ரூபாய். போகும் ஊர் மதுரை.

கார் இருந்தால் மிச்சமாகுமா?

சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாகச் சுமார் 460 கிலோமீட்டர். போக வர 920. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் 60 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் எரிபொருளுக்கே 6,000 ரூபாயைத் தாண்டிவிடும். டோல் தனி. வாடகை கார் என்றால் இரண்டு நாள் வாடகையும் தனி.

அதாவது, சொந்தக் கார் வைத்திருப்பவர் பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசிலேயே, கார் இல்லாத ஜோடி மொத்தப் பயணத்தையும் முடித்துவிடலாம். காரில் போனால் ஒருவர் போக வரப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். ரயிலில் அந்த நேரம் தூக்கமாகிவிடும்.

ஆனால், ரயிலில் போனாலே பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும் என்பதும் உண்மையில்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவில் விடுபவர்கள்தான் அதிகம். கார் இல்லாத பயணத்தில் மூன்று சின்ன தூரங்களைக் கவனிக்க வேண்டும்: வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ரூம், ரூமிலிருந்து பார்க்கப் போகும் இடம். இந்த மூன்றும் குறைவாக இருந்தால் பட்ஜெட் தானாக அடங்கும்.

ஏன் மதுரை?

அந்த மூன்று தூரங்களும் குறைவாக இருக்கும் ஊர் என்பதால்தான். மதுரை ஜங்ஷன் ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. மேலவெளி வீதியிலேயே இருக்கிறது. அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். பெரியார் பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

ஊரின் அமைப்பும் நடப்பவர்களுக்குச் சாதகம். கோயிலை நடுவில் வைத்து, சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகத் தெருக்கள். உள்ளே ஆடி வீதி, அடுத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசை சேரும். இந்த வரிசை மனதில் இருந்தால் போதும், மேப் பார்க்காமலே கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோமா, விலகிப் போகிறோமா என்று தெரிந்துவிடும். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதால், காரில் வந்தவர்களும் அங்கே நடக்கத்தான் வேண்டும்.

டிக்கெட்: ஞாயிறு இரவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்

வெள்ளி இரவுக்குப் பொருத்தமானது பாண்டியன் எக்ஸ்பிரஸ். எழும்பூரிலிருந்து இரவு ஒன்பதரை மணி வாக்கில் புறப்பட்டு, காலை ஆறு மணிக்கு முன்பே மதுரையில் இறக்கிவிடும். ஸ்லீப்பர் கட்டணம் ஒருவருக்குச் சுமார் 350 ரூபாய். மூன்றடுக்கு ஏ.சி. என்றால் சுமார் 900 ரூபாய்.

பாண்டியன் தாம்பரத்திலும் நிற்கும். குரோம்பேட்டை ஜோடி எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. டிக்கெட் போடும்போதே ஏறும் ஸ்டேஷனைத் தாம்பரம் என்று கொடுத்துவிட்டால், புறநகர் ரயிலில் போய் ஏறிக்கொள்ளலாம். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால் சில ரயில்கள் புறப்படும் இடம் அவ்வப்போது மாறுகிறது. எங்கே ஏறுவதாக இருந்தாலும், கிளம்பும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முன்பதிவு, பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் இருந்து 60 ஆகிவிட்டது. பலரும் செய்யும் தப்பு, போகிற டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, "வர்ற டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவது. சென்னைக்குத் திரும்பும் கூட்டம் ஞாயிறு இரவில்தான் குவியும். அதனால் ஞாயிறு ரிட்டர்ன் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். பாண்டியனில் இடம் இல்லையா? நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ரயில்களும் இரவில் மதுரை வழியாகத்தான் சென்னை வருகின்றன. அதுவும் இல்லையென்றால், ஞாயிறு மதியம் 3 மணி வாக்கில் மதுரையிலிருந்து புறப்படும் தேஜஸ் இருக்கிறது. டிக்கெட் ஒருவருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஆனால் இரவு பத்து மணிக்குள் சென்னை வந்துவிடுவதால், திங்கள் காலை சொந்தப் படுக்கையில் கண் விழிக்கலாம்.

ஆர்.ஏ.சி. வந்தால் பதற வேண்டாம். ஆர்.ஏ.சி. என்பது ஒரு சைடு லோயர் பெர்த்தை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது. தனியாகப் போகிறவருக்கு அது தொல்லை. ஒரே டிக்கெட்டில் பதிவு செய்த ஜோடிக்குப் பெரும்பாலும் அந்த இரண்டு இடமும் சேர்ந்தே கிடைக்கும். கால் நீட்ட முடியாது என்றாலும் பயணம் உறுதி. வெயிட்டிங் லிஸ்ட் கதை வேறு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது.

தத்கால் கடைசி வழி. பயணத்துக்கு முந்தைய நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து, ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தத்கால் போட முடியும். அந்த வேலையை அன்றைக்குப் பத்தே முக்காலுக்குத் தொடங்காமல் முன்பே முடித்து வையுங்கள். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பஸ்ஸில் போகலாமா?

போகலாம். ரயிலில் இடமே இல்லாதபோது கைகொடுப்பது பஸ்தான். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். தென் மாவட்ட அரசு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. குரோம்பேட்டைக்காரருக்கு அது பக்கம். பெரம்பூரிலோ அண்ணாநகரிலோ இருப்பவருக்குக் கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதே தனிப் பயணம். மதுரையிலும் பஸ் மாட்டுத்தாவணியில்தான் நிற்கும். அங்கிருந்து கோயில் பகுதிக்கு ஆறேழு கிலோமீட்டர். ஆம்னி பஸ்களில் வார இறுதி ரேட் நாளுக்கு நாள் மாறும். பஸ் டிக்கெட்டின் விலையோடு இந்த இரண்டு முனைச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலை ஆறு மணி, செக்-இன் பன்னிரண்டு மணி

இரவு ரயிலில் வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரயில் விடியற்காலையில் இறக்கிவிடும். ஆன்லைனில் புக் செய்த ஓட்டல் 12 மணிக்குத்தான் அறை தரும். "இப்பவே வேணும்னா அரை நாள் வாடகை எக்ஸ்ட்ரா" என்று ரிசப்ஷனில் சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொன்னால் பட்ஜெட்டில் முதல் ஓட்டை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஸ்டேஷனிலேயே சமாளிப்பது. உறுதியான டிக்கெட் இருந்தால் ரயில்வே ஓய்வறையை பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யலாம். அது கிடைக்காவிட்டால் காத்திருப்பு அறையில் குளித்துவிட்டு, பையைக் க்ளோக் ரூமில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். பைக்குப் பூட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். பத்து ரூபாய்ப் பூட்டை மறந்துவிட்டு நாளெல்லாம் பையைச் சுமப்பவர்கள் நிறைய.

இரண்டாவது, 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜைப் பிடிப்பது. ஸ்டேஷனுக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பகுதியில் லாட்ஜ்கள் வரிசையாக உண்டு. சிலவற்றில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. சனி காலை 6 மணிக்குப் போனால் ஞாயிறு காலை 6 வரை. குளித்து, இரண்டு மணி நேரம் கண் அயர்ந்துவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறு அதிகாலையிலேயே காலி செய்ய வேண்டும் என்பது இதன் குறை.

மூன்றாவது, 12 மணி செக்-இன் ஓட்டலுக்கே போய், அறை கேட்காமல், "பையை மட்டும் வைச்சுக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்பது. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறை ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கட்டும். ஆன்லைனில் ஊருக்கு வெளியே 300 ரூபாய் குறைவாக ஒரு பளபளப்பான அறை தெரியும். அங்கிருந்து நாளுக்கு நான்கு முறை ஆட்டோ பிடித்தால் அந்த 300 ரூபாய் முதல் நாள் மதியமே காலி. நடுவில் ஒருமுறை அறைக்கு வந்து முகம் கழுவி, அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போகும் வசதியும் போய்விடும். அறை வாடகைக்கு வரி சேர்த்து 1,500 ரூபாய் ஒதுக்கலாம். நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் அதைவிட அதிகமாக இருந்தால் கேளுங்கள்.

"மேரேஜ் சர்டிஃபிகேட் இருக்கா?"

பலரும் வெளியே பேசத் தயங்கும் பிரச்சினை இது. கல்யாணமான ஜோடியாக இருந்தாலும், அடையாள அட்டையில் முகவரி வேறு, இனிஷியல் வேறு என்றால் சில ரிசப்ஷன்களில் கேள்வி வரும். கல்யாணமாகாத ஜோடி என்றால் கதவே மூடப்படலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமோ விதியோ எதுவும் இல்லை என்று சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டது. 18 வயது நிறைந்த இருவர் சேர்ந்து தங்குவது குற்றமில்லை.

ஆனால், யாருக்கு அறை தருவது என்று தனியார் ஓட்டல்கள் சொந்தமாக விதி வைத்திருக்கின்றன. காலை ஆறு மணிக்கு, பையோடு நின்றுகொண்டு தீர்ப்பைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. புக் செய்யும் முன்பே ஓட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து, "நாங்க ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஐ.டி. இருக்கு. ரூம் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஆப்பில் "புக்கிங் உறுதி" என்று வந்தாலும் இந்தப் போன் அவசியம். இருவருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். நகல் கேட்டால் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை: கோயில், மஹால், மறுபடியும் கோயில்

மீனாட்சியம்மன் கோயில் விடியற்காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 12.30 வரை இருக்கும். பிறகு மாலை 4 மணிக்குத்தான் நடை திறப்பு. இந்த மூன்றரை மணி நேர இடைவெளி தெரியாமல் மதியம் ஒரு மணிக்கு வந்து வெயிலில் நிற்பவர்களை எல்லா வாரமும் பார்க்கலாம். இரவு ரயிலில் வந்த ஜோடிக்கு அதிகாலைதான் அனுகூலம். ஏழு மணிக்குள் உள்ளே போய்விட்டால் கூட்டமும் குறைவு, கல்தரையில் சூடும் இருக்காது.

கோயிலுக்குள் போனுக்கு அனுமதி இல்லை. வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒன்று, போன் இல்லையென்றால் யு.பி.ஐ.யும் இல்லை. சிறப்பு தரிசன டிக்கெட்டுக்கும் பூவுக்கும் பிரசாதத்துக்கும் கையில் ரொக்கம் வேண்டும். பொது தரிசனம் இலவசம். இரண்டு, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. "தொலைஞ்சா பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டுல நில்லு" என்று உள்ளே போகும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொலையாவிட்டாலும் அந்தப் படிக்கட்டில் கால் மணி நேரம் உட்காரலாம். இரண்டு பேரும் சேர்ந்து போனைத் தொடாமல் இருந்து எவ்வளவு நாளாகியிருக்கும்!

அங்கிருந்து திருமலை நாயக்கர் மஹாலுக்குத் தென்கிழக்கே ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடந்தால் போதும். 1636-ல் கட்டப்பட்டது. இன்று நிற்பது மூல அரண்மனையில் ஒரு பகுதிதான். அதிலேயே தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டு வையுங்கள். பராமரிப்புப் பணிகளால் சில நேரம் இருக்காது.

மதிய வெயிலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். "ரெண்டு நாள்தான் இருக்கு, தூங்கவா வந்தோம்?" என்று தோன்றும். ஓய்வில்லாமல் சுற்றினால் மாலை ஐந்து மணிக்குச் சண்டை வரும்.

மாலையில் மாசி வீதிகளில் சுற்றலாம். மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி, மேல்சட்டையை விட்டு முழங்கால் வரையிலான வேட்டிக்கு மாறினார். உலகம் அறிந்த அந்தத் தோற்றம் தொடங்கிய இடம், இன்று ஜவுளிக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. புதுமண்டபத்தில் இருந்த துணிக்கடைகளும் தையல்கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சுங்குடிச் சேலை பார்க்க விரும்பினால் அவசரப்படாமல் நான்கு கடை ஏறி இறங்குங்கள்.

இரவு ஒன்பது மணியை ஒட்டி மறுபடியும் கோயிலுக்குப் போகலாம். சுந்தரேசுவரரைப் பல்லக்கில் மீனாட்சி சன்னதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறை பூஜை அப்போது நடக்கும். தினமும் உண்டு. நாதஸ்வரமும் தீபமுமாக, பகல் கூட்டத்தில் பார்த்த கோயிலா இது என்று இருக்கும். முடிந்ததும் அறைக்கு நடந்தே வந்துவிடலாம். அறை பக்கத்தில் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை: ஒரே ஒரு வெளியூர்

அழகர்கோவில், திருப்பரங்குன்றம், சமணர் மலை, கீழடி எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்க நினைத்தால் கார் தேவைப்படும். கார் இல்லாதவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கீழடி நல்ல தேர்வு. மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். ராமநாதபுரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் வரும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போல முற்றமும் தூண்களுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. பானை ஓட்டில் கீறப்பட்ட தமிழ்ப் பெயர்கள், தாயக்கட்டை, மணிகள் என்று அங்கே இருப்பவை பெரும்பாலும் அன்றாட வாழ்க்கைப் பொருட்கள். கீழடியின் காலத்தைக் கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை கொண்டுபோகும் ஆய்வு முடிவைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. பஸ்ஸில் பிரதான சாலையில் இறங்கினால் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். ஆட்டோவில் போனால் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

காலை பத்து மணிக்கு அங்கே இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை திரும்பிவிடலாம். கிளம்பும் முன்பே அறையைக் காலி செய்து, பையை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிடுங்கள். இரவு ரயில் அங்கேதான் வரப்போகிறது.

மதியத்துக்கு மேல் வைகையின் வடகரை. தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959-ல் திறக்கப்பட்டது. அனுமதி இலவசம். சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. முந்தைய நாள் மாலை மேலமாசி வீதியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். பக்கத்திலேயே, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். அதுவும் இலவசம்தான். ரயிலுக்கு நேரம் இருக்கும்போது, வெயிலில் அலையாமல் குளுகுளுவென்று உட்கார இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

கோயில் பகுதி முழுக்க நடை. மற்றதற்கு டவுன் பஸ். 2021 மே மாதம் தொடங்கிய திட்டத்தில், சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னையில் மட்டுமல்ல, மதுரையிலும்தான். அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. ஜோடியில் ஒருவருக்கு டிக்கெட் பூஜ்யம் என்பது பட்ஜெட்டில் நேரடியாகத் தெரியும்.

மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோ அரிது. ஏறும் முன் ஆப்பில் ரேட் பார்த்துவிட்டுப் பேசினால் இருவருக்கும் நியாயமான தொகையில் முடியும். வாடகை பைக் எடுப்பதானால், நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

சாப்பாடு: பசிக்கும் நேரத்தில், நின்ற இடத்தில்

மதுரையில் சாப்பாட்டுக்காகப் பெரிய ஓட்டலைத் தேட வேண்டாம். காலையில் நான்கு வகை சட்னியோடு இட்லி, மதியம் மெஸ் சாப்பாடு, மாலையில் பருத்திப்பால், வெயிலுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, இரவில் கறி தோசை அல்லது பன் பரோட்டா. அசைவ மெஸ்களில் தொட்டுக்கொள்ளத் தட்டில் வரிசையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எடுத்துக்கொள்ளும் முன் விலையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் அந்தத் தட்டில்தான்.

மொத்தம் எவ்வளவு?

இரண்டு பேருக்கும் சேர்த்து, தோராயமாக:

• ரயில், ஸ்லீப்பர், போக வர 4 டிக்கெட்: 1,400 ரூபாய்
• வீட்டிலிருந்து தாம்பரம், திரும்ப: 100 ரூபாய்
• ஒரு இரவு அறை, வரி உட்பட: 1,500 ரூபாய்
• இரண்டு நாள் சாப்பாடு, டீ, காபி: 1,400 ரூபாய்
• மதுரைக்குள் பஸ், ஆட்டோ: 300 ரூபாய்
• நுழைவுக் கட்டணம், லாக்கர், க்ளோக் ரூம்: 200 ரூபாய்

ஆக மொத்தம் 4,900 ரூபாய். மீதி 100 ரூபாய் ஜிகர்தண்டாவுக்கு. ஸ்லீப்பருக்குப் பதிலாக மூன்றடுக்கு ஏ.சி. எடுத்தால் 2,200 ரூபாய் கூடி, 7,100 ரூபாயாகும்.

செலவைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கு ஆள் ஜிபே பண்ணிக்கொண்டே போனால், ஞாயிறு இரவு ரயிலில் கணக்குப் பஞ்சாயத்து நடக்கும். கிளம்பும் முன் ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டு, ஒருவர் கணக்கிலிருந்தே செலவு செய்வது எளிது. பாக்கி எவ்வளவு என்று இருவருக்கும் எப்போதும் தெரியும்.

எப்போது போகக் கூடாது?

சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையைப் பார்ப்பது தனி அனுபவம். ஆனால் 1,500 ரூபாய்க்கு அறை கிடைக்காது, நடக்க இடமும் இருக்காது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களிலும் இதே நிலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை பக்தர்கள் வழியில் மதுரைக்கு வருவதால் கோயிலில் வரிசை நீளும். முகூர்த்தம் விழும் வார இறுதிகளில் அறை, மல்லிகைப்பூ இரண்டின் விலையும் ஏறும். டிக்கெட் போடும் முன் காலண்டரைத் திருப்பி, முகூர்த்தம் இல்லாத சனி ஞாயிறாகப் பாருங்கள். தை பாதிக்கு மேல், மாசி மாதங்களில் வெயிலும் பொறுக்கும் அளவில் இருக்கும்.

மதுரை வேண்டாம் என்றாலும் கணக்கு இதேதான். தஞ்சாவூரோ திருச்சியோ புதுச்சேரியோ, ஊரை முடிவு செய்யும் முன் மேப்பைத் திறந்து மூன்று தூரங்களை அளந்து பாருங்கள்: இறங்கும் இடத்திலிருந்து அறை, அறையிலிருந்து பார்க்க வேண்டிய இடம், அங்கிருந்து மறுபடி ஏறும் இடம். மூன்றும் நடந்து போகும் தூரத்திலோ, ஒரு டவுன் பஸ் தூரத்திலோ இருந்தால் அந்த ஊர் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. இன்று அந்த மெசேஜ் வந்தால், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பும் முன், ஞாயிறு இரவு ரயிலில் எந்த வாரம் இடம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதியை அனுப்பினால் மீதிப் பேச்சு தானாக நடக்கும்.